தங்கக் கோடரிக்குச் சாட்சி தேடிய மலையம்மாள்

நேமத்தான்பட்டியில் அந்தப் பெரிய வீட்டுக்கு மேல்தளம் போட்டது 1926ஆம் ஆண்டு பங்குனியில். சுண்ணாம்புக் காரையைக் கொட்டிப் பரப்பிய பிறகு பெண்கள் வரிசையாகக் குந்தி, கைப்பிடி வைத்த மரக்கட்டையால் நாள் முழுக்கத் தட்டவேண்டும். காரை கல்லைப்போல் இறுகும்வரை நிறுத்தக்கூடாது. பதினாறு பெண்கள், ஒன்பது நாள் வேலை. கை மரத்துப்போகும், அதற்கு முன்பே மனசு மரத்துப்போகும். அதனால் யாராவது பாடவேண்டும், இல்லையென்றால் கதை சொல்லவேண்டும். அந்த வரிசையில் கதை சொல்கிறவள் மலையம்மாள்.

அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. கணவன் வீரணன் மாட்டுவண்டி ஓட்டுகிறவன். காரைக்குடியிலிருந்து செங்கலும் மரமும் ஏற்றிக்கொண்டு வருவான். மழை பெய்தால் இருவரும் அதே ஊரில் வரகு விதைப்பார்கள். பெய்யாத வருடங்களில் கட்டட வேலைதான். அந்த வருடமும் பெய்யவில்லை.

மலையம்மாளுக்கு மொத்தம் ஏழு கதைகள் தெரியும். நான்காம் நாள் மத்தியானத்துக்குள் ஏழும் தீர்ந்துபோயின. அவள் மறுபடியும் ராட்சசன் கதையை ஆரம்பித்ததும், பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்த கருப்பம்மாள் கட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏத்தா, இதத்தான் முந்தாநாளே சொல்லிட்டியே. ஏழு கடலுக்கு அங்குட்டு ஒரு கிளி. கிளிக்குள்ள ராச்சசன் உசுரு. ராசகுமாரன் போயி கிளி கழுத்தத் திருகுவான். கல்யாணம் முடிப்பான். வேற கதையே இல்லையா ஒங்கிட்ட?"

"இது வேற கதை" என்றாள் மலையம்மாள். வேறு கதை எதுவும் அவளிடம் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே போனாள். ராட்சசன் ராசகுமாரியைத் தூக்கிக்கொண்டு வந்து கோட்டைக்குள் அடைத்த இடம் வந்தது. அங்கே அவளுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"ஆமா, அந்தக் கோட்டையில சோறாக்குனது யாரு?"

பதினாறு பேரும் யோசித்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கதையில் சமையல்காரியே கிடையாது. ஆனால் ராட்சசன் நாள்தோறும் ஒரு அண்டா சோறு தின்கிறான் என்று கதை சொல்கிறது.

மலையம்மாள் அந்தச் சமையல்காரியை அங்கேயே, அந்த வெயிலிலேயே பிறக்கவைத்தாள். கிளிக்குத் தினமும் இரை வைப்பது அவள்தான். ஆகவே உயிர் எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஆனாலும் கிளியைக் கொல்ல அவளுக்கு மனசில்லை. தன் கையால் ஊட்டி வளர்த்த பறவை. ஒருநாள் கூண்டைத் திறந்துவிட்டாள், அவ்வளவுதான். கிளி பறந்தது. பருந்து கொத்திவிடுமோ, வேடன் அடித்துவிடுவானோ, மழையில் நனைந்துவிடுமோ என்று பதறிக்கொண்டு ராட்சசன் கையில் ஒரு குடையுடன் கிளிக்குக் கீழேயே ஓட ஆரம்பித்தான். காடு மேடெல்லாம் ஓடினான். கோட்டையைப் பற்றியோ ராசகுமாரியைப் பற்றியோ நினைக்க அவனுக்கு நேரமே இல்லை. பெண்கள் இருவரும் வாசல் வழியாக நடந்து வெளியே வந்தார்கள்.

குடையோடு ஓடும் ராட்சசனை நினைத்து நினைத்துப் பெண்கள் சிரித்த சிரிப்பில், கீழே நின்ற மேஸ்திரி தளம்தான் இடிந்துவிட்டதோ என்று பயந்து ஏணியில் ஏறி வந்தார்.

அன்றைக்கு மலையம்மாள் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டாள். பழைய கதை ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அந்த ஆளைத் தேடிப் பிடித்து, நீ என்ன செய்தாய் என்று கேட்டால், ஏழு கதைக்குள் எழுபது கதை இருக்கிறது. மீதி ஐந்து நாளும் அவளுக்குக் கதைப் பஞ்சம் வரவில்லை.

எழுத்து அவளுக்கு வந்தது வேறு வழியில். அதே வீட்டில் செம்மலை ஆசாரி கதவு, நிலை, தூண் எல்லாவற்றையும் கீழே செதுக்கி, ஒன்றோடொன்று சேரவேண்டிய துண்டுகளில் ஒரே எழுத்தைக் கரியால் எழுதிவைப்பார். "ஏ மலையம்மா, 'கி' போட்ட ரெண்டையும் இங்குட்டுத் தூக்கியா" என்பார். தவறான துண்டைத் தூக்கிக்கொண்டு போனால் மறுபடியும் தூக்கவேண்டும். பர்மாத் தேக்கு, தலையில் வைத்தால் கழுத்து இறங்கிவிடும். வீண் நடையை மிச்சப்படுத்தவே அவள் எழுத்துகளைப் படித்துக்கொண்டாள். வேலை பெரிது, துண்டுகள் ஏராளம். வீடு முடிவதற்குள் ஆசாரிக்கு எல்லா எழுத்தும் தேவைப்பட்டுவிட்டது. பிறகு உப்புக்கடைக் காகிதம், நாடக நோட்டீஸ், வண்டியில் வரும் பெட்டிகளின் மேலிருந்த விலாசம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தாள்.

எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது ஆறு ஏழு வருடம் கழித்து, ஒரு ஐப்பசி மழையில். கட்டட வேலை நின்றுபோய் வீட்டில் இருந்தாள். வீரணன் காரைக்குடியிலிருந்து கொண்டுவந்த நாடக நோட்டீஸ்கள் ஒரு கட்டு இருந்தன. பச்சை, சிவப்பு, மஞ்சள் காகிதம், ஒரு பக்கம் மட்டும் அச்சு. மறுபக்கத்தில் அவள் ராட்சசன் கதையை எழுதினாள். ஒன்பது நோட்டீஸ் ஆயின. வாயால் அரைமணியில் சொல்லிவிடும் கதைக்குப் பதினோரு நாள் பிடித்தது. எந்த இடத்தில் 'ர', எந்த இடத்தில் 'ற' என்பதில்தான் பாதி நாள் போயிற்று.

"இத என்ன செய்யப் போற?" என்று வீரணன் கேட்டான்.

"காரைக்குடியில ஒரு பத்திரிகை அச்சடிக்கிறாகள்ல, அங்க குடுத்துட்டு வாங்க."

வீரணன் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பதினோரு நாளும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவன். மழையில் நனையாமலிருக்கக் காகிதங்களை எண்ணெய்த் துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வண்டியைப் பூட்டினான்.

ஒரு மாதம் கழித்துக் கார்டு வந்தது. பத்திரிகை ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் எழுதியிருந்தார்: 'கதை கிடைத்தது. இதை எழுதியவர் நேரில் வந்து பார்க்கவும்.'

மலையம்மாள் துவைத்த சேலையைக் கட்டிக்கொண்டு வண்டியில் போனாள். அச்சுக்கூடத்தின் முன்னறையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர் இருந்தார். மேசைமேல் அவளுடைய ஒன்பது நோட்டீஸ்களும் இருந்தன. அவர் அவளையும், வாசலில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற வீரணனையும் பார்த்தார்.

"எழுதினவர் வரலியா?"

"நாந்தாங்க எழுதினேன்."

"நீயா? என்ன வேலை பாக்குறேம்மா?"

"கட்டட வேலைங்க. சித்தாளு."

மீனாட்சிசுந்தரம் கெட்டவர் அல்ல. ஆனால் சூடுபட்டவர். ஆறு மாதத்துக்கு முன் ஒருவர் வேறொரு பத்திரிகையில் வந்த கதையைத் தன் கதை என்று அனுப்பி, அது அச்சாகி, பிறகு நாலு திசையிலிருந்தும் கடிதம் வந்து இவர் தலைகுனிய நேர்ந்தது.

"தப்பா நெனைக்காதேம்மா. கதை நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. அதனாலதான் கேக்குறேன். இத யாரு சொல்லி நீ எழுதினே?"

மலையம்மாளுக்கு முகம் சுட்டது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அப்புறம் உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்துகொண்டாள்.

"ஒங்களுக்குத் தெரிஞ்ச பழைய கதை ஒண்ணச் சொல்லுங்க ஐயா. எது வேணுமின்னாலும் சொல்லுங்க. அதுல இருந்து நான் ஒரு கதை எடுத்துக் காட்டுறேன்."

அவர் சிரித்தார். பிறகு, அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த விறகுவெட்டி கதையைச் சொன்னார். ஆற்றில் கோடரியைத் தவறவிட்டவன். தேவதை தங்கக் கோடரியையும் வெள்ளிக் கோடரியையும் எடுத்துக் காட்டியும் என்னுடையது இரும்புக் கோடரிதான் என்று உண்மை சொல்லி, மூன்றையும் பரிசாகப் பெற்றவன்.

உள்ளே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"தங்கக் கோடாலிய வச்சு வெறகு வெட்ட முடியாதுங்களே" என்றாள். "செம்மலை ஆசாரி உளி தீட்டுறதப் பாத்திருக்கேன். இரும்பே மழுங்குது. தங்கம் ஒரே வெட்டுல மடங்கிப்போகும். அப்ப அத அவன் வீட்டுல வச்சிருக்கணும். இல்ல விக்கப் போகணும். கந்தல் வேட்டி கட்டுனவன் கையில தங்கக் கோடாலியப் பாத்தா ஊரு என்ன சொல்லும்?"

மீனாட்சிசுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார்.

"திருடுனதுன்னு சொல்லும்" என்று அவளே பதிலையும் சொன்னாள். "காவக்காரன் பிடிச்சுக்கிட்டுப் போயி ராசா முன்னாடி நிறுத்துறான். 'ஏதுடா தங்கம்?' 'ஆத்துல தேவதை குடுத்துச்சு ராசா.' சபையே சிரிக்குது. 'சாட்சி இருக்கா?' இல்ல. நாளைக்குக் காலையில கையை வெட்டணும்னு தீர்ப்பாயிருது. அப்ப வெறகுவெட்டி பொஞ்சாதி வாரா. கதையில அவளச் சொல்லவே இல்ல பாத்தீகளா? அவ வந்து சொல்றா: 'சாட்சி ஆத்துக்குள்ள இருக்கு ராசா. ஒங்க கிரீடத்த ஒருதரம் ஆத்துல போடுங்க. தேவதை வரலேன்னா என் கையையும் சேத்து வெட்டுங்க.'"

உள்ளே இயந்திரம் நின்றது. அச்சுக் கோக்கிறவர் மை படிந்த கையோடு கதவருகே வந்து நின்றிருந்தார்.

"சபையோட ஆத்தங்கரைக்கு வந்து ராசா கிரீடத்தப் போட்டாரு. தேவதை வந்துச்சு. கையில வைரக் கிரீடம். சூரியன் கணக்கா மின்னுது. 'இதுவா ஒன்னுது?'ன்னு கேட்டுச்சு. ராசா பாத்தாரு. சபை பாத்துக்கிட்டு இருக்கு. 'ஆமா, அதுதான் என்னுது'ன்னாரு. தேவதை பொசுக்குன்னு தண்ணிக்குள்ள போயிருச்சு. வைரமும் இல்ல, இருந்த கிரீடமும் இல்ல. ராசா மொட்டத் தலையோட கரையில நிக்கிறாரு. அப்ப அந்தப் பொம்பள மெதுவாக் கேக்குறா: 'சாட்சி போதுமா ராசா?'"

அச்சுக் கோக்கிறவர் வாய்விட்டுச் சிரித்தார். மீனாட்சிசுந்தரம் சிரிக்கவில்லை. தன் மேசையில் கிடந்த ஒன்பது நோட்டீஸ்களை நேராக அடுக்கினார். சாட்சி கேட்ட ராசா யார் என்பது அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

"அம்மா" என்றார், இந்தத் தடவை எழுந்து நின்று. "நான் கேட்டது தப்பு. ரெண்டு கதையையும் போடுறேன். இந்தக் கதைய இங்கேயே உக்காந்து எழுதிக் குடுத்துட்டுப் போக முடியுமா ஒங்களால?"

வெள்ளைக் காகிதம் வந்தது. இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்த காகிதத்தில் அவள் எழுதியது அதுதான் முதல் தடவை. பொழுது சாயும்வரை எழுதினாள். வீரணன் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, மறுபடியும் கட்டி, வாசலிலேயே காத்திருந்தான். முடித்துக் கொடுத்ததும் ஆசிரியர் வாசித்து, 'ர'வையும் 'ற'வையும் மட்டும் திருத்தினார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"பேரு போட வேணாம்னா, 'ஓர் அம்மையார்' அப்படின்னு போட்டுக்கலாம். பெண்கள் பலபேர் அதைத்தான் விரும்புறாக."

"வேணாங்க ஐயா. பேரு இல்லாமப் போட்டா, எங்க இருந்து எடுத்தேன்னு இன்னொருத்தர் கேப்பாரு. நேமத்தான்பட்டி மலையம்மாள்னே போடுங்க."

அப்படியே போட்டார்கள். அந்த இதழ் வந்த அன்று, அமராவதிபுதூரில் மலையம்மாளும் கருப்பம்மாளும் வேலைசெய்த ஒரு வீட்டுக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. மத்தியானச் சோற்றுவேளையில் கருப்பம்மாள் அந்தப் பக்கத்தைக் கையில் வாங்கினாள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் மலையம்மாளின் பெயர் எது என்று கேட்டு, அந்த இடத்தைச் சுண்ணாம்புபட்ட விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அந்த வெள்ளைத் தடம் அழியவே இல்லை. மலையம்மாளும் அதை அழிக்க விடவில்லை.

அதன் பிறகு அவள் கதைகள் வரிசையாக வந்தன. ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கடிதங்கள் வந்தன. வீட்டை விட்டுக் கடல் கடந்து போயிருந்த ஆண்கள் சிலர், சின்ன வயதில் கேட்ட கதைதான், ஆனால் இப்படிக் கேட்டதில்லை என்று எழுதினார்கள். 1936இல் பதினோரு கதைகள் ஒரு புத்தகமாக வந்தன. அட்டையில் அவள் பெயர் கதைகளின் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. அது அச்சுக் கோத்தவர் தாமாகச் செய்தது. ஆசிரியர் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.

அடுத்த தை மாதத்தில் புதுவயல் அரிசி மில்லில் வேலைசெய்த பெண்கள் அவளைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவித்த நெல்லை வெயிலில் காயப்போட்டிருந்த பெரிய களத்தின் ஓரத்தில், ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து, புத்தகத்தை விரித்து வாசித்தாள். ஏழு அண்ணன்மாருக்கு ஒரே தங்கை என்ற கதை. பழைய கதையில் ஏழு அண்ணிகளும் கொடுமைக்காரிகள். மலையம்மாள் எழுதியதில் ஏழாவது அண்ணி வாயைத் திறந்து, தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லத் தொடங்குகிறாள்.

நெல்லைக் கிளறிவிட யாரும் எழவில்லை. காகங்கள் இறங்கிப் பொறுக்கத் தொடங்கின. களத்து மேஸ்திரி கத்திக்கொண்டே வந்தார். நாலு வரி காதில் விழுந்தது. நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"அவ சொல்றது நியாயந்தானே?" என்றார், தானாகவே.

"எப்படி நியாயம்?" என்று ஒரு கிழவி சீறினாள். "அந்தப் புள்ளையப் பட்டினி போட்டாளே!"

"வாக்கப்பட்டு வந்த அண்ணியையும் பட்டினி போட்டாகளே, அது கணக்கில்லையா?" என்றாள் இன்னொருத்தி. களம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் தங்கைக்கு, ஒரு பக்கம் அண்ணிக்கு. மேஸ்திரி அண்ணி பக்கம். மலையம்மாளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள். சாக்கின் மேல் கால்நீட்டி உட்கார்ந்து, தான் எழுதிய ஆட்களுக்காக உயிருள்ள ஆட்கள் சண்டை போடுவதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

திரும்பும்போது வண்டி காரைக்குடிக் கடைத்தெருவைத் தாண்டப் போயிற்று.

"நிறுத்துங்க" என்றாள்.

"என்னத்துக்கு?"

"காகிதம் வாங்கணும். அந்தக் கெழவி சொன்னதுல ஒரு கதை இருக்கு."

வீரணன் மாட்டை இழுத்துப் பிடித்தான். அவள் இறங்கிக் கடையை நோக்கி வேகமாக நடந்தாள்.