நிறைவு ஜெபத்தில் முடிந்த கூட்டங்கள்

கிறிஸ்தவத் தலைமைத்துவத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியிருக்கிறேன். அந்தப் படிப்பில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கற்றுக்கொண்டது நிறைய. ஒரு கழிப்பறையைக் கட்டவைக்க அதில் எதுவும் உதவவில்லை.

நான்குவழிச் சாலை போட்டுக்கொண்டிருந்த வருடங்கள் அவை. வார நாட்களில் விழுப்புரத்தில் பள்ளிக்கூட வேலை. சனிக்கிழமை திண்டிவனத்தில் வகுப்பு. போகவர மண்ணும் ஜல்லியுமாக மாற்றுப்பாதைகள். ஞாயிற்றுக்கிழமை, வளவனூரைத் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் சபை. மூன்றுக்கும் நாட்குறிப்பில் மூன்று வண்ண மை வைத்திருந்தேன். எதிலும் ஒழுங்கு வேண்டும் எனக்கு. கடைசி வருடத்தில் அந்த மூன்று மையும் ஒன்றோடொன்று கலந்துபோயின.

ஆய்வேட்டுக்காக ஒவ்வொருவரும் தங்கள் சபையில் ஒரு தேவையை எடுத்துக்கொண்டு, எல்லோரிடமும் பேசி, அதைத் தீர்மானமாக்க வேண்டும் என்றார்கள். நான் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் சபைக்குப் பின்னால் கரும்புத் தோட்டம். ஆராதனைக்கு வரும் பெண்களில் முக்கால்வாசிப் பேர் களை எடுக்கவும் நாற்று நடவும் கூலிக்குப் போகிறவர்கள். ஆராதனை முடிய மதியம் ஆகிவிடும். அவசரம் என்றால் கரும்புக்குள்தான் போக வேண்டும். முன்வரிசைப் பாயில் உட்காரும் ஒரு பெண் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னாள்:

"கரும்பு நிக்கிற வரைக்கும் பரவால்ல டீச்சர். வெட்டிட்டாங்கன்னா பேஜாருதான். காலைலேர்ந்து தண்ணி குடிக்காம வர்றோம். அடக்கிக்கினு உக்காந்தா பிரசங்கம் எங்க காதுல ஏறுது?"

"பக்கத்துலதானே போதகர் வீடு? அங்க கேக்கலாமே."

"நீங்க டீச்சரு. நேரா உள்ள போயிடுவீங்க. எங்கள வாசல்லயே நிறுத்திடுவாங்க."

அவள் சொன்னது சரி. நான் அங்கேதான் போய்வந்துகொண்டிருந்தேன். அந்த வாரத்தோடு நிறுத்திக்கொண்டேன். அவர்களுக்கு ஒன்று கட்டிய பிறகுதான் இனி எனக்கும் என்று முடிவு செய்தேன். அப்போது அதற்குச் சில மாதங்கள் போதும் என்று நினைத்தேன்.

சபைக் கமிட்டியில் பெண்கள் சங்கத்தின் சார்பில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. செயலாளர் பேருந்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சபைக்கு ஒரு கோபுரம் கட்டிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. கழிப்பறை பற்றி நான் பேசி முடித்ததும் அவர் கேட்டார்:

"கட்டிடலாம் டீச்சரம்மா. யாரு கழுவுறது?"

"நான் கழுவுறேன்."

"நீங்க கழுவுவீங்க. போட்டோ புடிச்சி உங்க புக்குல ஒட்டிக்கினு போயிடுவீங்க. அடுத்த வாரம்?"

எல்லோரும் சிரித்தார்கள். முறை வைத்துக்கொள்ளலாம், ஆண்களும் முறை எடுக்கலாம் என்றேன். சிரிப்பு நின்றது. குரல்கள் ஏறின. அப்போது செயலாளர் எழுந்து, "சமாதானமா இருப்போம். நிறைவு ஜெபத்தோட முடிச்சிக்கலாம்" என்றார்.

ஜெபம் என்றவுடன் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். எனக்கும்தான். மூடிய கண்களுக்கு நடுவே அவர் குரல் கேட்டது: "படிப்பு, பட்டம்னு எங்க உள்ளம் மேட்டிமை கொள்ளாதபடி காத்துக்கொள்ளும் தகப்பனே." எனக்குச் சொன்ன பதில் அது. ஜெபத்துக்கு யார் மறுப்பு சொல்ல முடியும்? ஆமென் என்றேன்.

அடுத்த கூட்டமும் அப்படித்தான் முடிந்தது. அதற்கடுத்ததும். சூடு ஏறினால் ஜெபம். ஜெபத்தில் எனக்கு ஒரு குத்து. பிறகு டீ.

இதையெல்லாம் விவரமாக எழுதித் திண்டிவனத்தில் என் ஆய்வு வழிகாட்டியிடம் கொடுத்தேன். பலகையில் வட்டமும் அம்பும் வரைந்து தலைமைத்துவத்தை விளக்குவதில் அவருக்கு மிகுந்த பிரியம். படித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"அருமைம்மா! இந்தச் செயலாளர்தான் நல்ல லீடர். சண்டையை எவ்வளவு சாந்தமா முடிச்சு வைக்கிறார் பாருங்க. இதையே விரிச்சு எழுதுங்க."

"சார், அவர் முடிச்சு வைக்கலை. மூடி வைக்கிறார்."

"உங்க கோபத்தை ஆய்வேட்டுல கொண்டு வராதீங்க."

மாற்றுப்பாதைப் புழுதியில் பேருந்து குலுங்கிக்கொண்டே வந்தது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை விழுப்புரம் வரும்வரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கடைசியில் அவர்கள் வழியிலேயே போய்ப் பார்த்தேன். அடுத்த கூட்டத்தில் செயலாளர் எழுவதற்குள் நானே எழுந்து ஜெபிக்கத் தொடங்கிவிட்டேன். கரும்பை வெட்டிவிட்டால் மறைவில்லை, பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள், இந்தச் சபை இந்த வருடமே கழிப்பறை கட்ட அருள்புரியும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அத்தனை பேரும் ஆமென் என்றார்கள். செயலாளரின் ஆமென்தான் எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கேட்டது. மறு மாதம் அதை நினைவுபடுத்தினேன்.

"ஆமென்னுதான் சொன்னோம் டீச்சரம்மா. சரின்னு சொல்லலியே" என்றார்.

போதகர்கூடச் சிரித்துவிட்டார். கோபுரத்துக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். என் ஆய்வேடு, தீர்மானம் எதுவும் நிறைவேறாமலே, நல்ல மதிப்பெண் பெற்றது. செயலாளரைப் பற்றிய அத்தியாயத்துக்குத்தான் அதிகப் பாராட்டு.

பட்டம் வாங்கிவந்த அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சபையில் எனக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். அந்த வாரம்தான் கரும்பை வெட்டியிருந்தார்கள். ஜன்னல் வழியே பார்த்தால் வெறும் கட்டை. அந்தப் பக்கத்து ரோடுவரை தெரிந்தது. செயலாளரின் மனைவி சால்வை போர்த்தினார். செயலாளர் நீளமாகப் பேசினார். "நம்ம சபைக்கே பெருமை. இப்ப டீச்சரம்மா நிறைவு ஜெபம் பண்ணுவாங்க."

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் எழுந்து சொன்னேன்: "மன்னிச்சிக்குங்க. கூட்டம் இன்னும் முடியலைங்க. பாத்ரூம் விஷயம் பேசணும்."

கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"இது பாராட்டுக் கூட்டம்மா" என்றார் செயலாளர்.

"கமிட்டிக்காரங்க எல்லாரும் இங்கதானே இருக்காங்க?"

போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். செயலாளர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். "நாம ஜெபிக்கலாம்" என்று அவரே தொடங்கிவிட்டார். இந்த முறை மேட்டிமையைப் பற்றி நீண்ட ஜெபம். வெட்கம், கோபம், எல்லாம் இருந்தும் பழக்கதோஷத்தில் நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றேன். அதனால் நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை. வளையல் சத்தமும் பாய் சரசரப்பும் மட்டும் கேட்டன.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது பெண்கள் பக்கத்துப் பாய்கள் காலியாக இருந்தன.

வெளியே வந்து பார்த்தோம். போதகர் வீட்டு வாசலில் வரிசை. முன்வரிசைப் பாயில் உட்காரும் அந்தப் பெண்தான் முதலில் நின்றாள். கதவைத் திறந்த போதகர் மனைவியிடம், "கரும்பு வெட்டிட்டாங்கம்மா. இனிமே ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம இங்கதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போதகர் முதன்முறையாகச் செயலாளரை முறைத்துப் பார்த்தார்.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் உங்க படிப்புல சொல்லிக் குடுத்ததா?"

"இல்லைங்க" என்றேன். அப்படி ஒரு பாடம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ பேருந்துப் பயணம் மிச்சமாகியிருக்கும்.

சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன். நானும் காலையிலிருந்து அடக்கிக்கொண்டுதான் இருந்தேன்.