காவடிப் பாட்டின் நடுவே என் குரல்

மலேசியாவில், சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் என் அண்ணன் தன் முருகன் பாட்டுகளைப் பதிவு செய்தான். சிங்கப்பூர்த் தொழிற்சாலை வேலைக்கு விடியுமுன் பஸ் ஏறுகிறவன். பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஒழியும். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, சத்தம் வருமென்று காற்றாடியை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பாடுவான். ஒரு ஆல்பம் தேறியதும் டவுனில் சிடி கடை வைத்திருந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். விற்றுத் தருகிறேன் என்றார் அந்த மகானுபாவர்.

ஒரு சிடிகூட விற்கவில்லை. ஏன் என்று எனக்குத்தான் முதலில் தெரிந்தது. அப்போது எல்லார் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் பாட்டு இறக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. நம்மிடம் இருப்பதை மற்றவர்கள் எடுக்கலாம், அவர்களிடம் இருப்பதை நாம் எடுக்கலாம். சும்மா அண்ணன் பாட்டைத் தேடிப் பார்த்தேன். முழு ஆல்பமும் வந்து நின்றது. ஒவ்வொரு பாட்டின் பெயருக்குப் பின்னாலும் அந்தக் கடையின் பெயர்! திருடியதிலும் விளம்பரம் தேடுகிற பிறவி.

அண்ணன் கடைக்குப் போனான். நானும் கூடப் போனேன்.

"நெட்டுல போனது போனதுதான் தம்பி. இனிமே யாராலயும் திரும்ப எடுக்க முடியாதுலா. விட்டுத் தள்ளு," என்றார், நாற்காலியை விட்டுக்கூட எழாமல்.

"அப்ப நான் போலீஸ்ல ரிப்போர்ட் பண்றேண்ணே," என்றான் அண்ணன்.

அந்த வாரமே திருட்டு சிடி பிடிக்கிற அமலாக்க அதிகாரிகள் வந்தார்கள். கடைக்கு இல்லை, எங்கள் வீட்டுக்கு. திருட்டுப் பாட்டுகளைப் பரப்புவதாக யாரோ புகார் கொடுத்தார்களாம். யாரோ! கம்ப்யூட்டரில் அண்ணன் பாட்டோடு நான் இறக்கிய சினிமாப் பாட்டுகளும் இருந்தன. யார் வீட்டில்தான் இல்லை? கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணன் லீவு போட்டுப் போட்டு விசாரணைக்காக ஜோகூர் பாருவுக்கு அலைந்தான். கடைசியில் எச்சரித்து விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. சொந்தப் பாட்டைப் பாடியவனுக்குத் 'திருட்டு சிடிக்காரன்' என்று பெயர் வைத்தது. அவன் பாடுவதையே நிறுத்தினான். குளியலறையில்கூட ஒரு முணுமுணுப்பு இல்லை. அந்தக் கடைக்காரரின் மானத்தை நடுத்தெருவில் வாங்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அவர் தொழில் செய்யும் லட்சணம் எனக்குத் தெரியும். தைப்பூசம் நெருங்கினால் நெட்டில் கிடைக்கிற காவடிப் பாட்டையெல்லாம் வாரி எடுப்பார், தொடக்கத்தை மட்டும் கேட்பார், கடைப் பெயரோடு சிடியில் அடித்துவிடுவார். ஒன்றைக் கோயிலுக்கு இலவசமாகக் கொடுப்பார். பதிலுக்கு ஒலிபெருக்கியில் கடைப் பெயரைச் சொல்ல வேண்டும்.

அண்ணனின் வெளிவராத காவடிப் பாட்டு ஒன்று என் பென் டிரைவில் தப்பியிருந்தது. அதன் முதல் சரணம் முடிந்ததும் என் குரலைச் சேர்த்தேன். 'புத்தம் புதிய காவடிப் பாட்டு' என்று பெயரிட்டு, தோழி வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து பரப்பினேன். கடைக்காரர் கவ்விக்கொண்டார். அண்ணன் குரல்கூட அந்த ஆளுக்கு அடையாளம் தெரியவில்லை.

தைப்பூசத்தன்று ஒலிபெருக்கி லாரி முன்னே போனது. காவடிகள் ஆடி வந்தன. புது வேட்டி கட்டிக்கொண்டு கோயில் தலைவர் பக்கத்தில் நடந்தார் கடைக்காரர். கடைப் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார்கள். அடுத்து வந்தது அந்தப் பாட்டு. பால்குடம் சுமந்து வந்த அண்ணன் அப்படியே நின்றுவிட்டான். கூட்டம் குதித்து ஆடியது. சரணம் முடிந்தது. ஒலிபெருக்கியில் என் குரல் வந்தது.

"இது என் அண்ணன் பாட்டு. இதத் திருடி விக்கிறவரோட கடைப் பேரு இந்த சிடி மேலயே போட்டிருக்கு. போய்க் கேளுங்க!"

உறுமிக்காரர் அடிப்பதை நிறுத்தினார். "அலமாக்!" என்று வாயைப் பிளந்தார் யாரோ. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் லாரிக்குப் பின்னால் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! அதை நினைத்தால் எனக்கு இன்றும் சோறு நன்றாக இறங்கும்.

மறுநாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். சிடி வாங்கியவர்களெல்லாம் கடையை மொய்த்துவிட்டார்களாம்.

"தப்புதான் தங்கச்சி. அந்தப் பாட்ட நெட்டுல இருந்து எடுத்துடும்மா. சிங்கப்பூர் வரைக்கும் போயிருச்சு. நான் எப்படித் தலை காட்டுவேன்?"

உள்ளே குளியலறையில் அண்ணன் பாடிக்கொண்டிருந்தான். அதே காவடிப் பாட்டு. அவன் பாடி முடிக்கும்வரை அவரை வெயிலில் நிற்க வைத்தேன். பிறகு சொன்னேன்.

"நெட்டுல போனது போனதுதாண்ணே. இனிமே யாராலயும் திரும்ப எடுக்க முடியாதுலா. விட்டுத் தள்ளுங்க."