நாலாவது ஆள்

ஓட்டை வாயாம்! ராகேலம்மாவுக்கு ஓட்டை வாய் என்று சொல்கிறவர்களை நிறுத்தி ஒன்று கேட்க வேண்டும். இந்தச் சபையில் எந்த வீட்டு அடுப்பு எரியவில்லை, எந்த வீட்டு அப்பன் சாராயத்தை விடவில்லை, எந்த மருமகள் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள், இதில் எது அவளுக்குத் தெரியாது? அதில் ஒரு சொல்லாவது அவள் வாயிலிருந்து விழுந்து யாராவது கேட்டதுண்டா? இல்லையே. பிறகென்ன? இது பால்காரி குஞ்ஞேலி கிளப்பிவிட்ட பேச்சு. குஞ்ஞேலி கல்லறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள், பேச்சு மட்டும் இன்னும் பால் சொசைட்டி வாசலிலேயே நிற்கிறது.

நடந்தது இதுதான்.

ராகேலம்மாவைக் கட்டியவன் ஈப்பன். கட்டிய கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை கிடையாது. பம்பை ஆற்றங்கரையில் ஓட்டுவீடு ஒன்று, தையல் மெஷின் ஒன்று. கிழவிகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்துச் சாப்பிட்டாள். வாரம் முழுவதும் அவள் காத்திருந்தது ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். தேவாலயத்தின் பக்கத்தில் தகரக் கொட்டகையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி அவள் பொறுப்பு. பெண்ணானாலும் பாடம் சொல்கிறவள் அங்கே சார்தான். ராகேலம்மா சார்.

கதை என்றால் சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போகிற கதையில்லை. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய சகேயுவின் கதையன்று ஒரு பிள்ளை கொய்யா மரத்தில் ஏறியாக வேண்டும். ஜூன் மாதத்தில் தகரத்தில் மழை அடித்துக் குரல் கேட்காமல் போனால் அன்றைக்கு நோவா கதை. பொய் சொல்லாதே என்று அவள் பிரசங்கம் பண்ணியதில்லை. கொய்யா பறித்தது யார் என்று கேட்பாள். நான்தான் என்று எழுந்து நிற்கிற பிள்ளைக்கு இன்னொரு கொய்யா பறித்துக் கொடுப்பாள்.

வகுப்பு முடியும்போது எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒரு வரி ஜெபம் சொல்ல வேண்டும். "இயேசப்பா, எங்க பசு கன்னு போடணும்." "கணக்குப் பரீட்சைய நீங்களே எழுதிடுங்க." "அப்பன் ராத்திரி அம்மாவ அடிக்காம தூங்கிடணும்." எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் ஆமென் சொல்வாள். வீடுகளின் உள்விஷயமெல்லாம் அவளுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அன்றைக்குத் திமிர்வாதக்காரன் கதை. படுத்த படுக்கையாகக் கிடந்தவனை நாலு பேர் தூக்கிப்போய், கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்கினார்களே, அது. ராகேலம்மா ஒரு போர்வையை விரித்தாள். இருப்பதிலேயே ஒல்லியான பின்சி அதில் படுத்தாள். நாலு பிள்ளைகள் நாலு மூலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வந்தார்கள். ஒரே சிரிப்பு.

"அவனால நடக்க முடியல, சரி. ஏன் நாலு பேரு?" என்று கேட்டாள் சார்.

"ஒரு ஆளு கொறஞ்சாலும் ஒரு பக்கம் சாஞ்சுடும்!" என்று கத்தினாள் ஷேர்லி. ரப்பர் வெட்டுகிற யோகன்னானின் மகள்.

பிறகு ஜெபம். பின்சியின் முறை வந்தது. "இயேசப்பா, எங்க பப்பாவ குவைத்து ஜெயில்லேருந்து வெளிய கொண்டு வாங்க."

பின்சி தெக்கேடத்து வீட்டுப் பேத்தி. பெரிய வீடு, ரப்பர்த் தோட்டம். அவள் பப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்றுதான் அவள் பாட்டி சாராம்மச் சேடத்தி ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள். பின்சியின் அத்தை சூசனுக்குக் கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது.

ராகேலம்மா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். இது வெளியே போகக்கூடாது என்று பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பின்சி கூசிப்போவாளே என்று விட்டுவிட்டாள். ஆமென் சொல்லி அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

வாரத்தின் நடுவில் ஒருநாள் ஷேர்லி வழியில் ஓடிவந்து அவள் முந்தானையைப் பிடித்தாள்.

"சார்! நாலாவது ஆள் கெடச்சாச்சு!"

"எதுக்குடி மோளே நாலாவது ஆளு?"

"பின்சியோட பப்பாவத் தூக்கறதுக்கு! பின்சி ஒண்ணு, நான் ஒண்ணு, சார் ஒண்ணு. ஒரு மூலை சாயாதா? அதான் குஞ்ஞேலி அம்மச்சியையும் ஜெபம் பண்ணச் சொல்லிட்டேன். அவங்களுக்குத்தான் கை பலம். ரெண்டு பால் கேனையும் ஒத்தக் கையில தூக்குவாங்க!"

ராகேலம்மா பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, பால் சொசைட்டிக்கு ஓடாத குறையாக நடந்தாள். குஞ்ஞேலி கேனைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கொழந்த சொன்னத யார்கிட்டயும் சொல்லிடலையே?"

"நான் எதுக்குச் சொல்றேன்? ஜெபிக்கத்தான் சொன்னேன். இங்க நிக்கறவங்க எல்லாம் கர்த்தரோட பிள்ளைங்கதானே, சாரே."

"எத்தனை பேர்கிட்ட?"

"ஜெபத்துக்குப் போய் கணக்கு பாப்பாங்களா?"

ராகேலம்மா திண்டில் உட்கார்ந்துவிட்டாள். "குஞ்ஞேலி, அந்தப் பொண்ணு பேர எடுத்துடாத. யோகன்னான் குடிசை தெக்கேடத்துத் தோட்டத்துக்குள்ள நிக்குது. தெரிஞ்சா அன்னைக்கே எறக்கி விட்டுடுவாங்க."

"நான் ஏன் எடுக்கறேன்? கேட்டா, சார் வகுப்புலேருந்து வந்த பேச்சுன்னு சொல்லிடறேன். அது பொய்யில்லையே?"

பொய்யில்லைதான். ராகேலம்மா எழுந்து வந்துவிட்டாள்.

சூசனுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் தரகனிடம் சொல்லியனுப்பினார்கள். வேண்டாமாம். ஜெயிலில் இருக்கிறவன் வீட்டில் சம்பந்தம் வேண்டாமாம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைப் பாதிரியாரான அச்சன் ராகேலம்மாவை உள்ளறைக்குக் கூப்பிட்டார். சாராம்மச் சேடத்தி முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. அவளையும் குறை சொல்ல முடியாது, பெற்ற வயிறு.

"எம்பொண்ணு பச்சத் தண்ணி குடிக்கல. சுவத்தப் பாத்துப் படுத்துக் கெடக்கறா. பிள்ளைங்க வாயப் பிடுங்கி ஊருக்கு வித்தியா நீ? ஒண்ணு பெத்திருந்தா தெரியும்டீ உனக்கு!"

ராகேலம்மா அச்சன் பக்கம் திரும்பினாள்.

அச்சன் தொண்டையைச் செருமினார். "சாரே, நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல அச்சா."

"அப்ப பிள்ளைங்கள்ல ஒண்ணுதான். எதுன்னு தெரியுமா?"

தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அச்சன் விட்டிருப்பார், வகுப்பும் அவளுக்கே இருந்திருக்கும். அந்தச் சொல் அவளுக்கு வரவில்லை.

"தெரியும்."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"பாத்தீங்களா அச்சா!" என்று சேடத்தி எழுந்தாள். "இவதான். வேற யாருமில்ல, இவளேதான்."

"பேரச் சொல்லுங்க சாரே. இல்லன்னா அடுத்த வாரத்துலேருந்து வகுப்ப வேற ஆளுதான் பாக்கணும்." அச்சன் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"இன்னையிலேருந்தே பாக்கட்டும், அச்சா."

குடையை எடுக்கத்தான் கொட்டகைக்குப் போனாள். பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பின்சி வரவில்லை. வீட்டில் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும், ஷேர்லி வாசலுக்கே வந்து நின்றாள்.

"சார், நான் போய் அச்சன்கிட்ட சொல்லிடட்டா?"

"என்னன்னு?"

"நாந்தான்னு."

ராகேலம்மா குனிந்து அவள் இரண்டு தோளையும் பிடித்தாள். "வேண்டாம். யார்கிட்டயும் சொல்லாத. யாரு கேட்டாலும் எனக்கொண்ணும் தெரியாதுன்னு சொல்லிடு."

"அது பொய்யில்லையா சார்?"

ராகேலம்மா அவள் தோளை விட்டாள். ஒரு பிள்ளைக்கு அவள் பொய் சொல்லிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அச்சனே மனசு மாறி நாளைக்குக் கூப்பிட்டாலும், இனி இந்தப் பெஞ்சுகளுக்கு முன்னால் தன்னால் நிற்க முடியாது என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சார், இன்னைக்கு என்ன கதை?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"வேற சார் வருவாங்க. சத்தம் போடாம இருங்க."

வாசலில் பிள்ளைகளின் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. தன் செருப்பில் ஒன்று உடனே கிடைத்தது. மற்றதைக் காணவில்லை. குனிந்து கொஞ்ச நேரம் தேடினாள். கண்ணில் நீர் நிறைந்து எதுவும் சரியாகத் தெரியவில்லை. கையிலிருந்த ஒற்றைச் செருப்பையும் அங்கேயே போட்டுவிட்டு, வெறுங்காலோடு படியிறங்கிப் போனாள்.