நல்லசாமி வாசித்துக் காட்டிய பக்கம்

நல்லசாமி அண்ணன் இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. அவரைப் பற்றி நான் சொல்லச் சொல்ல என் பேத்தி சந்திரிகா எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது.

ஜெராம் ஊருக்கு உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில் அவரும் நானும் அடுத்தடுத்த நிரையில் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்திலும் பக்கத்து வீடு. தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை படித்தவர் என்பதால், தோட்டத்தில் யார் இறந்தாலும் கருமாதியன்று அவர்களுடைய வாழ்க்கையை எழுதி வாசிப்பது அவர் பொறுப்பு. கூலி, வெற்றிலை பாக்கும் ஒரு துண்டும். செத்தவரைப் பெரிய ஆளாக்கி எழுதச் சொல்வார்கள். கேட்கமாட்டார். குடித்தார், ஆனால் பிள்ளைகளைப் பட்டினி போடவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதுவார். முதலில் வீட்டாருக்கு வாசித்துக் காட்டுவார். அவர்கள் தலையாட்டினால்தான் சபையில் வாசிப்பார்.

அவர் மனைவி சின்னத்தாய் தலைப்பிரசவத்தில் போனவள். அது வெள்ளைக்கார துரை காலம். பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. ரப்பர் பால் ஏற்றும் லோரி கொட்டகையில் சும்மாதான் நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கேட்டு ஓடிய அண்ணனிடம், லோரி பாலுக்குத்தான், பிரசவத்துக்கு இல்லை என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சொல்லிவிட்டார். மாட்டுவண்டியில் ஏற்றினோம். அண்ணன் ஓட்டினார். கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்னே அவள் என் மடியில் அடங்கிப்போனாள். "லோரி வந்திருச்சாக்கா?" என்று கேட்டதுதான் கடைசி. முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் காதில் அது விழவில்லை.

அவர் வேறு கல்யாணம் செய்யவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். லயத்துப் பிள்ளைகள் ரவாங் பக்கம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். லயம் காலியாவதைப் பார்த்துத்தான் தோட்டத்தின் கதையைப் புத்தகமாக எழுத உட்கார்ந்தார். வீடு வீடாகப் போய்க் கேட்டார். என்னிடம் சின்னத்தாயின் கடைசி நேரத்தைக் கேட்டார். சொன்னேன். எழுதி வாசித்துக் காட்டினார். கிராணி சொன்ன சொல்லும் இருந்தது, லோரி நின்ற இடமும் இருந்தது. தலையாட்டினேன்.

"இதுல ஒரு சொல்ல எடுத்தாலும் நான் உங்ககூடப் பேசமாட்டேண்ணே" என்றும் சொல்லி வைத்தேன்.

எழுதினால் போதுமா? அச்சுக்கூலி வேண்டும். அதற்கு, முதல் பிரதி வாங்க ஒரு பெரிய மனிதர் வேண்டும். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, தட்டில் வைத்துக் கொடுத்தால் அவர் பணம் போட்ட ஒரு கவர் வைப்பார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வாங்குவார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒருவர்தான் இருந்தார். அந்தக் கிராணியின் மகன் அழகேசன், டவுனில் லோரிகள் விட்டுச் சம்பாதித்தவர்.

எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு அழகேசன் லயத்துக்கே வந்தார். நான்தான் காப்பி கலந்து கொடுத்தேன். பணிவாகத்தான் பேசினார்.

"எல்லாம் நல்லாருக்குய்யா. அப்பா செத்துட்டாரு, வந்து பதில் சொல்லமாட்டாரு லா. அந்த ஒரு பக்கம் மட்டும் வேணாமே."

"சின்னத்தாயும்தான் வரமாட்டா தம்பி" என்றார் அண்ணன்.

யோசித்துச் சொல்லுங்கள் என்று அவர் போய்விட்டார்.

புத்தகம் வந்தது. கோயில் மண்டபத்தில் அழகேசனே முதல் பிரதி வாங்கினார். எனக்கு உறுத்தியது. மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போய், சின்னத்தாய் பக்கத்தை வாசியுங்கள் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைப் பிரித்து வாசித்தார். கிராணியின் சொல், கொட்டகையில் நின்ற லோரி, அவள் கேட்ட கேள்வி, ஒன்றும் குறையவில்லை. தலையாட்டினேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன்பிறகு அவர் எந்தக் கருமாதிக்கும் எழுதவில்லை. கை நடுங்குகிறது என்பார். வெற்றிலை இடிக்கும்போது நடுங்கிப் பார்த்ததில்லை.

அவருடைய கருமாதிக்கு எழுத ஆளில்லை. புத்தகத்திலிருந்தே சின்னத்தாய் பக்கத்தை வாசிக்கட்டும் என்று சந்திரிகாவிடம் கொடுத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"பாட்டி, 'என் மனைவி சின்னத்தாய் இளம் வயதிலேயே நோயுற்று மறைந்தாள்.' இவ்வளவுதான் இருக்கு."

வாசிப்பு இல்லாமலே அன்றைய காரியம் முடிந்தது.

பேசமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அந்தக் கோபத்தைக் காட்டக்கூட அவர் இல்லை. அதனால்தான் இங்கே சொல்கிறேன்: சின்னத்தாய்க்கு நோய் இல்லை. லோரி தரவில்லை.

எழுதியதைச் சந்திரிகா வாசித்துக் காட்டினாள். லோரி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது பாட்டி என்கிறாள். என்னவோ, தலையாட்ட மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு ரோசரியையும் கூப்பிட்டு ஒருமுறை வாசிக்கச் சொல்ல வேண்டும்.