ஜெனிஸ்ரா கொண்டுவந்த பிரேரணை

மன்னார்க் கரையில் ஒரு பல்கலைக்கழக வளாகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அதை விசாரிக்க ஒரு குழு வைப்பார்கள்; அந்தக் குழுவுக்கும் தேநீரும் பற்றிஸும் கொடுக்க வேண்டி வரும்.

அந்த வளாகத்தில் ஆசிரியர்கள் கூடும் பீடக் கூட்டத்துக்கு மாணவர் பிரதிநிதி பள்ளிமுனை ஜெனிஸ்ரா. இரண்டாம் வருடம். தகப்பனுக்குக் கடற்றொழில், தாய் அகஸ்ரினா வீட்டோடு சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறாள். ஜெனிஸ்ராவை மாணவர்கள் ஏகமனதாகத் தெரிவு செய்தார்கள். அதில் பொய் கிடையாது. தெரிவு நடந்த நாள் அவள் மடு மாதா திருவிழாவில் நின்றாள். வராதவள் தலையில் கட்டுவதற்கு எல்லாருக்கும் ஒரே மனமாகத்தான் இருந்தது.

வேலை பாரமானது என்று சொல்ல முடியாது. நேரத்துக்கு வர வேண்டும், கதவோரக் கதிரையில் இருக்க வேண்டும். போன கூட்டத்தின் அறிக்கையை ஆமோதிக்க ஆள் இல்லாவிட்டால், பீடாதிபதி நவரத்தினம் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்ப்பார். அவள் ஆமோதிப்பாள். கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். யாருக்காவது கோபம் வந்தால் தமிழுக்கு இறங்கும்.

இப்படியே ஆமோதித்துவிட்டுப் பட்டம் எடுத்துக்கொண்டு போயிருப்பாள். ஹிதாயாதான் விடவில்லை.

ஹிதாயா அவளோடு படிப்பவள், முசலிக்காரி. விடுதி முதலாம் வருடத்தோடு முடிந்துவிட்டதால் தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். செய்முறை வகுப்பு பின்னேரம் ஆறு மணி வரை. வரவு எடுப்பது வகுப்பு முடிகிறபோது. முசலிக்குப் போகிற கடைசி பஸ்ஸோ ஐந்து மணிக்குப் புறப்பட்டுவிடும். ஆக, ஒரு நாளும் தவறாமல் வகுப்புக்கு வந்த ஹிதாயா, ஒரு நாளும் வராதவளாக இருந்தாள். இன்னும் மூன்று மாதத்துக்குள் நேரத்தை மாற்றினால் மிச்ச வகுப்புகளில் வரவைச் சேர்த்துவிடலாம். மாற்றாவிட்டால் பரீட்சை இல்லை.

"ஒரு வருசம் போச்சுதெண்டால் வாப்பா மறிச்சுப்போடுவார்" என்றாள் ஹிதாயா. "அதுக்குப் பிறகு கலியாணம்தான்."

ஜெனிஸ்ரா பயப்படவில்லை. கூட்டம் அவளுக்குப் புதிதா? கோயிலின் பங்குப் பேரவையில் இளைஞர் சார்பில் இருந்து பழகியவள். அங்கே செபம், அறிக்கை, கணக்கு எல்லாம் கொட்டாவியோடு போகும். "வேறு விடயங்கள்" என்று பங்குச் சுவாமி சொன்னதும்தான் ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டுவார்கள். சுரூபத்தை யார் தூக்குவது, எந்த வட்டாரத்துக்கு எந்த நாள் என்ற சண்டையெல்லாம் அப்போதுதான் தொடங்கும். மானமுள்ள எவனும் தன் விசயத்தை அதற்கு முன் அவிழ்க்க மாட்டான். ஆகவே அவளும் தன் விசயத்தைக் கடைசிவரை பொத்தி வைத்திருந்தாள்.

பீடக் கூட்டத்தில் "வேறு விடயங்கள்" வந்தது. வெளியே ஆசிரியர்களை ஏற்றிப் போகும் வான் வண்டி கோர்ன் அடித்தது. யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் போகிறவர்கள் கடைசிப் பற்றிஸைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அவள் வாய் திறந்தபோது மேசையைச் சுற்றி வெறுங் கதிரைகள். அறிக்கை எழுதும் உதவிப் பதிவாளர் கொலின்ஸும் பையைத் தோளில் மாட்டிய நவரத்தினமும் மட்டும் மிச்சம்.

"அடுத்த கூட்டத்தில பாப்பம், பிள்ளை."

அடுத்த கூட்டத்தில் கொலின்ஸைக் கெஞ்சி விசயத்தை நிகழ்ச்சி நிரலிலேயே போடுவித்தாள். எழுந்து நின்று பேசினாள். யானை றோட்டுக்கு வருகிற இடத்தில் ஹிதாயாவின் வாப்பா மோட்டார் சைக்கிளோடு காத்து நிற்பதைச் சொன்னாள். படிப்பு நின்றுவிடும் என்றாள்.

சபை உருகிப் போயிற்று. "பாவம்" என்றார் ஒருவர். துணைக்குழு போடலாம் என்றார் இன்னொருவர். கடைசியில் மாணவர்களுக்கு நேர முகாமைத்துவம் பற்றிச் செயலமர்வு வைப்பதென்று முடிவாயிற்று. பதாகை அடித்துப் படமும் எடுத்துச் சிறப்பாக நடத்தினார்கள். நடந்த நேரம் பின்னேரம் ஐந்திலிருந்து ஆறு வரை. ஹிதாயா அதற்கும் வரவில்லை என்று குறை சொன்னார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போன ஜெனிஸ்ரா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"என்னடி, சண்டை பிடிச்சனியோ?" என்றாள் அகஸ்ரினா.

"சண்டை பிடிச்சாலும் பரவாயில்லையம்மா. எல்லாரும் இரக்கப்படுகினம்."

அவளுக்குப் பொல்லாத ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில்தான் அவளுக்கு ஒன்று வெளித்தது. செய்முறை வகுப்பு ஆறு மணிவரை நடக்கிறது. வகுப்புக்குரிய விரிவுரையாளர்கள் மூன்றரை மணி வானில் போய்விடுகிறார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ஒரு தற்காலிக உதவியாளர். இந்தப் பெரிய அநியாயத்தை இவ்வளவு காலமும் ஒருவரும் சபைக்குக் கொண்டுவரவில்லையே.

மூன்றாம் கூட்டத்தில், தேநீர் வருமுன்பே கையைத் தூக்கினாள்.

"சேர், மாணவர்கள் சார்பில ஒரு பிரேரணை. செய்முறை வகுப்பு ஆறு மணிவரை நடக்கிறது நல்ல விசயம். அதை மாத்த வேண்டாம். ஆனா விரிவுரையாளர்மார் பக்கத்தில இருந்தால்தான் எங்களுக்குப் படிப்பு ஏறும். ஆனபடியால் வகுப்பு முடிஞ்சு, ஆறேகாலுக்கு வானை எடுத்தால் நல்லது."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். கைத்தொலைபேசியில் குனிந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. கூட்டம் அந்த நொடியே தமிழுக்கு இறங்கியது.

"ஆறேகாலுக்கோ? நான் எத்தினை மணிக்கு வீட்டை போய்ச் சேருறது?"

"றோட்டில யானை நிக்குமப்பா!"

"அதுசரி, செய்முறையை ஏன் பின்னேரத்தில வைச்சிருக்கு? ஆர் போட்ட நேரசூசி இது?"

"பிள்ளையளும் களைச்சுப் போயிருக்குங்கள். காலமைதான் மூளை வேலை செய்யும்."

போட்டது நவரத்தினம்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலையில் ஆய்வுகூடம் சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது என்ற உண்மையைக் கண்டுபிடித்தார். அடுத்த கிழமையிலிருந்து செய்முறை காலை ஒன்பது மணிக்கு. ஒருவர் பிரேரித்தார், ஆமோதிக்க நாலு கை எழுந்தது. ஜெனிஸ்ராவை அன்று ஒருவரும் கண்ணாடிக்கு மேலால் பார்க்கவில்லை. காரணம் என்னவென்று எழுதுவது என்று கொலின்ஸ் கேட்டார். "ஊழியர் நலன்" என்றார் பீடாதிபதி.

"நல்ல விசயம் ஒண்டைக் கொண்டந்தீர், பிள்ளை" என்று வானுக்குப் போகிற வழியில் ஒரு விரிவுரையாளர் அவள் தோளில் தட்டினார். போன கூட்டத்தில் "பாவம்" என்று சொன்னவர் அவர்தான்.

ஹிதாயா கன்ரீனுக்கு வெளியே காத்து நின்றாள். செய்தியைக் கேட்டதும் ஜெனிஸ்ராவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ். இனி வாப்பாவுக்குச் சொல்லலாம்." பிறகு முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "என்னைப் பற்றி என்னடி சொன்னனீ? இந்த முறை மட்டும் எப்பிடி மனம் இரங்கினவை?"

ஜெனிஸ்ராவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது.

"உன்ரை பேரையே எடுக்கேல்லையடி. அதாலதான் சரிவந்தது."