மகளுக்காக வென்டெல் மேப்ரி தேடிய சாப்பாடு

வென்டெல் மேப்ரியும் நானும் சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் ஒரே பணிமனையில் பேருந்து ஓட்டினோம். எழுபத்தொன்பதாம் தெரு வண்டி அவனுடையது. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். அவன் சிரித்தால் கடைசி இருக்கையில் தூங்குகிறவனும் விழித்துக்கொள்வான். சாப்பாட்டில் அவனுக்கு இருந்த ஆசை பணிமனை முழுக்கத் தெரிந்த விஷயம். அவன் மனைவி ஒடெஸ்ஸா புகையில் வாட்டிய பன்றிக்காலைப் போட்டு அரை நாள் கொதிக்கவிட்டு கோலார்ட் கீரை செய்வாள். அதை ஒரு பெரிய டப்பாவில் கொண்டுவந்து நடுவில் வைப்பான். சோளரொட்டியைப் பிய்த்து அந்தக் கீரைத் தண்ணியில் தோய்த்துத் தின்ன நாங்கள் சுற்றி நிற்போம்.

அவர்களுக்கு ஒரே மகள், ஷரீஸ். கலிபோர்னியாவுக்குப் படிக்கப் போனவள் இறைச்சியை விட்டுவிட்டு வந்தாள். இறைச்சி மட்டுமில்லை, பால், முட்டை, வெண்ணெய் எதுவும் கிடையாது. வென்டெல் முதலில் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டான். விடுமுறைக்கு அவள் வாசலில் வந்து நின்றால், “ஆட்டுக்குட்டி வந்திருச்சு ஒடெஸ்ஸா, புல்லுக்கட்ட அவுத்துப் போடு” என்பான். அவளும் சிரிப்பாள். ஆனால் ஒரு நன்றியறிதல் நாள் விருந்தில், சொந்தமும் சினேகமும் நிறைந்திருந்த மேசையில், அவள் தான் கொண்டுவந்த பாத்திரத்தைத் திறந்து அதிலிருந்து மட்டும் சாப்பிட்டாள். அம்மாவின் கீரையைத் தொடவில்லை. வென்டெல் குடித்திருந்தான்.

“உங்கம்மா கையால தின்னு வளந்த உடம்புதானே இது? இப்ப அது உனக்கு அசிங்கமாப் போச்சா?” என்று எல்லார் முன்னிலும் கேட்டான்.

ஷரீஸ் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் அந்த மேசையில் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஒடெஸ்ஸா மகள் பின்னாலேயே வாசல்வரை போய், தனியாகத் திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகு ஷரீஸ் அம்மாவோடு தொலைபேசியில் பேசினாள், வீட்டுக்கு வரவில்லை. ஓக்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வேலை. ஒடெஸ்ஸா மாரடைப்பில் போனபோது வந்து, அடக்கம் முடிந்த அன்று மாலையே விமானம் ஏறினாள். அப்பனும் மகளும் கல்லறையில் கைகொடுத்துக்கொண்டதோடு சரி. இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

வென்டெல் ஓய்வு பெற்ற பிறகு வந்த குளிர்காலத்தில் அவள் கூப்பிட்டாள். கணையத்தில் புற்றுநோய். வைத்தியம் எல்லாம் பார்த்தாகிவிட்டது, இனி செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் கேட்டது ஒன்றுதான்.

“அப்பா, நான் வீட்டுக்கு வரலாமா?”

இதை என்னிடம் சொன்னபோது அவன் குரலே மாறியிருந்தது. வரலாமா என்று கேட்கும்படி வைத்துவிட்டேனே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவள் பழைய அறையில் வந்து படுத்தாள். பாதியாகிப்போயிருந்தாள். வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ், எது பிடிக்கிறதோ அதைக் கொடுங்கள், இனி பத்தியம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். என்ன வேண்டும் என்று வென்டெல் கேட்டான். அம்மா செய்கிற கீரை வேண்டும், ஆனால் இறைச்சி இல்லாமல் வேண்டும் என்றாள் ஷரீஸ்.

வென்டெலுக்கு முட்டை பொரிப்பதைத் தவிர அடுப்படியில் எதுவும் தெரியாது. தங்கை வெர்னெட்டாவிடம் சொன்னான். வெர்னெட்டா எங்கள் தேவாலயத்தின் சமையலறையை ஆண்டுகொண்டிருந்தவள். மறுநாளே ஒரு பானை நிறையக் கீரையோடு வந்தாள். சாமி சத்தியமாக இறைச்சி இல்லை என்றாள். ஷரீஸ் ஒரு வாய் எடுத்து வைத்தாள். அப்படியே நிறுத்தினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பிறகு வாந்தி எடுத்தாள்.

சமையலறையில் வென்டெல் தங்கையைப் பிடித்துக்கொண்டான். எதைப் போட்டாய் என்று கேட்டான்.

“எறைச்சி எங்கண்ணே போட்டேன்? வான்கோழிக் கழுத்து ரெண்டு, அதுவும் எலும்புதான். வெந்ததும் எடுத்துட்டேன். எலும்புகூட இல்லாம கீரைய யாருண்ணே திம்பா? புள்ள எப்படி எளைச்சுக் கெடக்குதுன்னு பாத்தியா?”

“அவ இருபது வருசமா அப்படித்தான் தின்னுக்கிட்டிருக்கா வெர்னெட்டா” என்றான் வென்டெல். கத்தவில்லை. அவன் கத்தாமல் பேசி அவள் கேட்டதே இல்லை. பானையை அப்படியே விட்டுவிட்டு அழுதுகொண்டே போய்விட்டாள்.

அன்று பிற்பகலே அவன் என் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஆரனை அடித்தான். “ஏறு லோனி. இந்த ஊர்ல எறைச்சியில்லாம நம்ம சாப்பாடு எங்க கெடைக்கும்னு பாக்கணும்.”

இந்த ஊரின் ஒவ்வொரு நிறுத்தமும் தெரிந்த இரண்டு கிழவர்களுக்கு அது மட்டும் தெரியவில்லை. முதலில் காட்டேஜ் குரோவ் சாலையில் ஒரு கடை இருப்பதாக யாரோ சொன்னார்கள். போனால் கதவில் பூட்டு, கண்ணாடியில் வாடகைக்கு என்ற அட்டை. மேற்குப் பக்கத்தில் ஒரு வண்டிக்கடை, சனிக்கிழமை மட்டும்தான் வருமாம். வடக்குப் பக்கத்தில் ஒன்று கிடைத்தது. வழவழப்பான மரமேசை, சுவரில் தொங்கும் செடிகள், தாடி வைத்த வெள்ளைக்காரப் பையன்கள். கிண்ணத்தில் பச்சை இலையை நறுக்கிப் போட்டு, மேலே நாலு காராமணியைத் தூவி, கறுப்பர்களான எங்கள் சாப்பாட்டின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். வென்டெல் அதை வாங்கிக்கொண்டு போய் மகளிடம் காட்டினான்.

“கீரையப் பாத்தியா பாப்பா, இன்னும் தோட்டத்துலயே நிக்கிற நெனப்புல இருக்கு” என்றான். ஷரீஸ் சிரித்தாள். ஊருக்கு வந்தபின் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னான். ஆனால் சாப்பிடவில்லை.

கடைசியில் அவனுக்கு வழி சொன்னது அவனுடைய பழைய வண்டிதான். எழுபத்தொன்பதாம் தெருவில் காருக்கு டயர் மாற்றக் கொடுத்துவிட்டு, பயணியாக வண்டியில் ஏறினான். பழக்கமான ஒரு அம்மாள், ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவள், எழுபத்தைந்தாம் தெருவில் ஒரு கடையைச் சொன்னாள். முன்பு செருப்புத் தைக்கும் கடையாக இருந்த இடம். வாசலில் பலகைகூடச் சரியாக இல்லை. உள்ளே தலையில் துணி கட்டிய ஒரு பெண், நாற்பத்தைந்து ஐம்பது வயதிருக்கும். எல்லாரும் சிஸ்டர் நைலா என்று கூப்பிட்டார்கள். கோழிக்குப் பதிலாகக் காளானை மாவில் புரட்டிப் பொரித்திருந்தாள். மக்ரோனியில் பாலாடைக்கட்டிக்குப் பதிலாக முந்திரியை அரைத்து ஊற்றியிருந்தாள். காராமணி, வெண்டைக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் ஆவி பறக்க வரிசையாக இருந்தன. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எங்கள் தெருக்களில் பார்க்கிற முகங்கள்தான்.

கீரை யாருக்கு என்று அவள் கேட்டாள். மகளுக்கு, உடம்பு சரியில்லை என்றான்.

“அவங்கம்மா கீரையில என்னென்ன போடுவாங்க பிரதர்?”

வென்டெல் யோசித்துச் சொன்னான். வெங்காயம், காடி, காய்ந்த மிளகாய், சர்க்கரை ஒரு சிட்டிகை. பன்றிக்காலையும் சொன்னான். நைலா முகம் சுளிக்கவில்லை. அந்தப் புகை வாசனை வேண்டும், அவ்வளவுதானே, நாளைக்கு வாருங்கள் என்றாள். மறுநாள் அவனுக்கென்று தனிச் சட்டியில், உலர்ந்த காளானும் புகையில் வாட்டிய மிளகாய்த்தூளும் போட்டுச் செய்து வைத்திருந்தாள்.

ஷரீஸ் அதைச் சாப்பிட்டாள். நாலு கரண்டி, பிறகு சோளரொட்டியைத் தோய்த்து இன்னும் கொஞ்சம். “அம்மாவோடது மாதிரி இல்லப்பா. ஆனா அம்மாவுக்குத் தெரிஞ்சவங்க யாரோ செஞ்ச மாதிரி இருக்கு” என்றாள். வென்டெல் எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு இதை இரண்டு தடவை சொன்னான்.

அதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் நைலாவின் கடைக்குப் போனான். நைலா மகளின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்; பொட்டலத்தின் மேல் அந்தப் பெயரை எழுதித் தயாராக வைத்திருப்பாள். சாப்பாட்டைச் சாக்காக வைத்து அப்பனும் மகளும் பேசத் தொடங்கினார்கள். அந்த விருந்தைப் பற்றி அவன் மன்னிப்புக் கேட்டானா என்று நான் விசாரிக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாட்டுகளை அவள் மெல்ல முனகுவாள், இவன் தப்பும் தவறுமாகக் கூடச் சேர்ந்துகொள்வான். இவன் குரல் கதவுக்கு வெளியே கேட்கும்.

மார்ச் கடைசியில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கீரைத் தண்ணியைக் கரண்டியால் உதட்டில் விடுவான். பிறகு அதுவும் முடியவில்லை. அப்படி ஒரு நாள் நான் பார்க்கப் போயிருந்தேன். பொட்டலம் மேசைமேல் திறக்காமல் இருந்தது.

“வாசன வருது. நீங்க சாப்பிடுங்கப்பா. நான் பாக்கறேன்” என்றாள் ஷரீஸ்.

அத்தனை நாளும் அவளுக்கு ஊட்டினானே தவிர அவன் ஒரு வாய் தின்றதில்லை. அது அவள் சாப்பாடு என்று இருந்தான். இப்போது கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் பொட்டலத்தை வைத்துச் சாப்பிட்டான். கீரை, மக்ரோனி, காராமணி எல்லாவற்றையும். அவள் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி இருக்கு?”

“உப்பு கொஞ்சம் கம்மி” என்றான்.

அவள் சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது. “என் சாப்பாட்டத் தின்னு பாத்து இதச் சொல்ல உங்களுக்கு இத்தன வருசம் ஆச்சு” என்றாள். அவன் பொட்டலத்தைச் சுத்தமாக வழித்துத் தின்றான். நான் எழுந்து கூடத்துக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் முதல் வாரம், விடிந்து வெளிச்சம் வந்த நேரத்தில் அவள் போய்விட்டாள். அவன் பக்கத்தில்தான் இருந்தான்.

அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. வெர்னெட்டாதான் சமைத்தாள். பன்றித்தொடை, பொரித்த கோழி எல்லாம் இருந்தன. மேசையின் முனையில் தனியாக ஒரு தட்டு நிறையக் கீரை. எலும்பு போடாதது. அவள் அதை யாரிடமும் கேட்காமல் தானே செய்துபார்த்திருக்கிறாள். சரியாக வரவில்லை, கசந்தது. ஆனாலும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தட்டின் பக்கத்திலேயே நின்றாள். அதைத் தாண்டிப்போகிறவர்களை விடவில்லை. “புள்ளைக்காகச் செஞ்சது. ஒரு கரண்டி போட்டுக்கிட்டா கொறஞ்சா போயிருவீங்க?” என்று போதகரையும் சேர்த்துத்தான் மிரட்டினாள். வென்டெல் இரண்டு தடவை போட்டுக்கொண்டான்.

அதன் பிறகு நடந்தது எனக்குக் கோடை வரை தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை, சும்மா கூட வா என்று என்னை நைலாவின் கடைக்கு அழைத்துப் போனான். அவனைப் பார்த்ததும் நைலா பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். மேலே ஷரீஸ் என்று எழுதியிருந்தது.

“பாப்பா எப்படி இருக்கா பிரதர்?”

“அப்படியேதாம்மா இருக்கா” என்றான் வென்டெல்.

காரில் ஏறியதும், என்ன இது என்று கேட்டேன். அவன் சாவியைப் போடாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடக்கம் முடிந்த வாரத்தில் சொல்லத்தான் போனானாம். பொட்டலம் தயாராக இருந்ததாம். வாங்கிக்கொண்டு வந்துவிட்டானாம்.

“மத்த எல்லா எடத்துலயும் அவ செத்துட்டா லோனி. இந்த ஒரு கடையிலதான் அவ இன்னும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கா.”

அவன் சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினான். 

இலையுதிர்காலம் வந்தது. நைலா நல்ல மனுஷி. அதுதான் விஷயத்தை முடித்தது. நானும் கூடப் போயிருந்த ஒரு நாள், திங்கட்கிழமை கடை விடுமுறை, பீச்சுப்பழப் பலகாரம் சுடச்சுடச் செய்து எடுத்துக்கொண்டு வந்து ஷரீஸை நேரில் பார்க்கிறேன், விலாசம் சொல்லுங்கள் என்றாள். வென்டெல் எடுத்த காசையே திரும்பத் திரும்ப எண்ணினான். பின்னால் வரிசை நீண்டது. யாரோ முனகினார்கள். நான் அவன் கையைப் பிடித்தேன்.

“வராதீங்கம்மா. அவ ஏப்ரல்லயே போயிட்டா” என்றான்.

நைலாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.  அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய சமையல் துணியை அவிழ்த்து, பரிமாறும் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றாள். பொய் சொன்னதற்கு வென்டெல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“உக்காருங்க பிரதர்” என்றாள்.

ஜன்னலோரத்து மேசையில் அவனை உட்காரவைத்துத் தானும் எதிரில் உட்கார்ந்தாள். கடையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள், யாரும் போகவில்லை. அவன் அழுதான். மனைவி செத்தபோதும் மகள் செத்தபோதும் நான் பார்க்காத அழுகை. அந்தப் பெரிய குரலை அடக்கத் தெரியாமல் தெருவுக்கே கேட்கும்படி அழுதான். அன்று பொட்டலம் எதுவும் வாங்காமல் வீட்டுக்கு வந்தோம்.

பிறகு வெகுநாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தான். வெட்கமா, அல்லது அங்கேயும் இனி அவள் இல்லை என்பதாலா, எனக்குத் தெரியாது. இறைச்சியை விட்டுவிடுகிறேன் என்று ஒரு முயற்சி செய்தான். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தாங்கினான், அப்புறம் வெர்னெட்டா வீட்டு விலா எலும்புக்கே திரும்பிவிட்டான். சட்டையெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது இப்போது. வீட்டை விற்றுவிட்டுத் தங்கை வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கிறான். பனி உருகிய பிறகு ஒருநாள் தானாகவே நைலாவின் கடைக்குப் போய் உட்கார்ந்தானாம். அவள் எதுவும் கேட்கவில்லை, தட்டில் போட்டுக் கொடுத்தாளாம்.

எங்கள் பணிமனைக்காரர்களுக்கு வயதாகிவிட்டது. ஒருவனுக்கு இதயத்தில் குழாய் வைத்திருக்கிறது, இன்னொருவனுக்குக் கால் விரலை எடுத்தாகிவிட்டது. இறைச்சியை நிறுத்து, கொழுப்பை நிறுத்து என்று டாக்டர் சொன்னதும் அவர்கள் மனைவிமார் வென்டெலைத்தான் கூப்பிடுகிறார்கள். நைலாவின் கடைக்கு எந்த வண்டியில் ஏற வேண்டும், எந்த நிறுத்தத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று அவன் பொறுமையாகச் சொல்கிறான். சீக்கிரம் போங்கள், மூன்று மணிக்குமேல் கீரை தீர்ந்துவிடும் என்கிறான். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால், அந்த வழியில்தானே வண்டி ஓட்டினேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுகிறான்.