ஒரு காலுக்கு இருநூற்றைம்பது

"17 ஆகஸ்ட், ஞாயிறு. ஃபோர்க் ஆயில்: ஒரு காலுக்கு 250 மில்லி." என் ஐந்தாம் வகுப்பு இந்தி நோட்டின் கடைசிப் பக்கத்தில், என் கையெழுத்திலேயே இருக்கும் குறிப்பு இது. ஆண்டு எழுதவில்லை. கிழமையையும் வகுப்பையும் வைத்துப் பார்த்தால் 2014. குறிப்பில் தேதி சரி, கிழமை சரி, எண் மட்டும் தவறு.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி, தூத்துக்குடியிலிருந்து போர்ட் பிளேயருக்கு வந்து அப்போது ஐந்து மாதமாகியிருந்தது. அப்பாவிடம் பார்த்த கான்ட்ராக்ட் வேலை மாமாவுக்குப் பிடிக்கவில்லை. ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட் சமையலறைக்கு மீனும் காய்கறியும் வாங்கிப்போட ஆள் தேடினார்கள். சொந்த வண்டி வேண்டும், புதன்கிழமைக்குள் சேர வேண்டும் என்பது நிபந்தனை. அது அமையாவிட்டால் மெயின்லேண்டுக்குத் திரும்பிப் போவதாக அப்பாவிடம் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமைப் படகில் வண்டிக்கும் இடம் பிடித்தாயிற்று.

வண்டி என்பது, மாற்றலாகிப் போன ஒரு கடற்படைக்காரர் விற்றுவிட்டுச் சென்ற டூ ஸ்ட்ரோக் ஸ்போர்ட்ஸ் பைக். என்னைவிட ஆறேழு வயது மூத்தது. முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க் குழாய்களை, மெக்கானிக்குகள் 'கால்' என்பவற்றை, உப்புக்காற்று அரித்துப் புள்ளி புள்ளியாக்கியிருந்தது. ஆயில் கசிந்து கசிந்து, பிரேக் பிடித்தால் வண்டி தரையை முகர்வதுபோலக் குனியும். சென்னையிலிருந்து புதுக் குழாய்களும் ஸ்பிரிங்கும் ஆயில் கசியாமல் அடைக்கும் சீல் வளையங்களும் கப்பலில் வந்து சேர மூன்று வாரம் ஆனது. போர்ட் பிளேயரின் மின்னி பே பகுதியில் எங்கள் வீட்டு வாசலில், வெள்ளி சனி இரண்டு நாளும் மாமாவே உட்கார்ந்து மாட்டினார். ஆயில் ஊற்றுவதுதான் பாக்கி. எவ்வளவு என்பது தெரியவில்லை.

அது தெரிந்தவர் பம்பூஃபிளாட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த வங்காளி மெக்கானிக். எல்லோருக்கும் அவர் தாதா, வங்காளத்தில் அண்ணன். ஞாயிறு கடை கிடையாது, போனில்தான் பிடிக்க முடியும். மாமாவுக்கு இந்தி வராது. எனக்கு வரும் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

"ஏ மருமவளே, ஒரு காலுக்கு எவ்வளவுன்னு கேளு."

கேட்டேன். இரைச்சலுக்கு நடுவே தாதா சொன்னது: "டேட் சௌ. உஸ்ஸே ஸ்யாதா நஹீ."

இந்தியில் ஒன்றரைக்கு 'டேட்', இரண்டரைக்கு 'டாயி' என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. வீட்டில் தமிழில் கணக்குப் போடும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் எப்போதும் இடம் மாறும். 'டேட் சௌ' நூற்றைம்பது. நான் ஒரு நொடியும் யோசிக்காமல், "இருநூத்தம்பது மாமா" என்றேன். "அதுக்கு மேல ஊத்தக்கூடாதாம்" என்று சேர்த்தும் சொன்னேன். அந்தப் பாதி சரி.

"நல்லா கேட்டியா?"

"நான் என்ன செவிடா?"

அளக்க, என் தம்பி குடித்து முடித்துப் பரணில் கிடந்த பால்புட்டியை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து வந்தேன். அதில் கடைசிக் கோடு இருநூற்றைம்பது. ஒரு காலுக்கு ஒரு புட்டி, கணக்கு எவ்வளவு அழகாக வருகிறது என்று நினைத்தேன். மாமா கோட்டுக்குக் கண்ணை நேராக வைத்து, ஒரு சொட்டுக் கூடாமல் ஊற்றினார். மூடியை இறுக்கி ஹேண்டிலை அமுக்கினார். வண்டி குனியவே இல்லை.

"கல்லு மாதிரி நிக்கு பாத்தியா! ஸ்போர்ட்ஸ் வண்டின்னா இப்படில்லா இருக்கணும்."

அன்று மாலை ஐந்து மணிக்கு, மழை விட்டிருந்தபோது, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சரிவில் இறங்கினார். பாதியில் ஒரு வேகத்தடை. வண்டி அதில் ஏறி இறங்கியபோது முன்னால் 'டப்' என்று ஒரு சத்தம். என் முழங்காலில் ஏதோ சுடாமல், வழவழப்பாகத் தெறித்தது. கூடுதல் ஆயில் அமுங்க இடமில்லாமல், பிரேக் டிஸ்க் இருக்கும் பக்கத்து சீல் பிதுங்கி, ஆயில் முழுவதும் பிரேக்கில் கொட்டியிருந்தது. அது பிறகு தெரிந்த விளக்கம். அப்போது எனக்குத் தெரிந்தது மாமாவின் குரல் மட்டும்: "பிடிக்கலியே... பிடிக்கலியே..."

எதிரே கடல். நடுவில் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம். மாமா வண்டியை மலைப்பக்கத்து ஓடைக்குள் திருப்பினார்.

நான் புல்லில் கிடந்தேன். ஒரு கீறல் இல்லை. எழுந்து பார்த்தால் மாமா உட்கார்ந்திருந்தார், முகத்தில் வலி இல்லை, வியப்புதான் இருந்தது. அவருடைய வலது பாதம் பின்புறம் பார்த்துக்கொண்டிருந்தது. பாதம் அப்படித் திரும்பும் என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நின்ற யாரோ என் கண்ணைப் பொத்தினார்கள். விரலிடுக்கிலும் அதுவே தெரிந்தது. அன்று நின்ற பேச்சு எனக்குப் புதன்கிழமைதான் திரும்பியது. அம்மா எனக்குத் திருநீறு பூசினாள். செவ்வாய்க்கிழமைப் படகு போனது.

புதன்கிழமை தாதா எங்கள் வாசலுக்கு வந்தார். கட்டுப்போட்ட காலை நீட்டி மாமா நாற்காலியில் இருந்தார். ஓடையிலிருந்து தூக்கி வந்திருந்த வண்டியில் சீல் வெடிக்காத மறுபக்க ஃபோர்க்கைக் கழற்றி, தன் அளவுக் குவளையில் ஆயிலைக் கவிழ்த்த தாதா அப்படியே நின்றுவிட்டார்.

"டாயி சௌ! மைனே டேட் போலா தா, டேட்!"

இருநூற்றைம்பதா, நான் சொன்னது நூற்றைம்பது என்கிறார். மாமா என்னைப் பார்த்தார்.

"என்ன மருமவளே சொல்லுதாரு?"

"ஆயில்... கொஞ்சம் கூடிப்போச்சாம்." மூன்று நாளில் நான் பேசிய முதல் வாக்கியம்.

மாமா குவளையில் ஆயில் நின்ற கோட்டைப் பார்த்தார். பிறகு தாதாவிடம் ஐந்து மாதத்தில் பொறுக்கிய நாலு சொல் இந்தியில், "மேரா கல்தி தாதா. ஆங்க் ஸே டாலா" என்றார். கண்ணளவில் ஊற்றினேன், என் தப்பு.

தாதாவுக்கு வந்த கோபத்தில் வங்காளமும் இந்தியும் கலந்து கொட்டின. "போல் இஸ்கோ!" என்று என்னை அதட்டினார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன்.

"கண்ணு இருக்குன்னு அளவு பாக்காம ஊத்துவியான்னு கேக்குறார்."

"சரிதான்னு சொல்லு."

"மூளையக் கப்பல்லயே விட்டுட்டு வந்துட்டியாங்கிறார்."

"ஆமா, தூத்துக்குடியிலயே விட்டாச்சுன்னு சொல்லு."

"சின்னப் பிள்ளையக் கொன்னிருப்பியேங்கிறார்."

 உள்ளேயிருந்து அம்மா, "கேட்டியால? அளந்து ஊத்த என்ன கொள்ளை ஒனக்கு?" என்று தன் பங்குக்குக் கத்தினாள். நான் தப்பித்த மகிழ்ச்சியில் இருந்தேன். புட்டியைப் பிடித்தவளே நான்தான் என்றாலும், மாமா கண்ணளவில்தான் ஊற்றினார் என்று அன்று இரவுக்குள் நானே நம்பிவிட்டேன்.

அக்டோபர் இரண்டாவது வாரம், கட்டுப் பிரித்த பிறகு, மாமா மெயின்லேண்டுக் கப்பல் ஏறினார். ஜெட்டியில் அம்மா அழுது முடித்ததும் மாமா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏ மருமவளே, அந்த ரிசார்ட்ல, நாம ஆயில் ஊத்துததுக்கு முந்துன வெள்ளிக்கெழமையே வேற ஆளப் போட்டுட்டாவளாம். வண்டி ஓடிருந்தாலும் வேல கெடச்சிருக்காது, கேட்டியா?"

"அப்படியா?" என்றேன். அடுத்த முறை வரும்போது தூத்துக்குடி மக்ரூன் வாங்கி வரச் சொன்னேன். அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லாத ஒன்றை என்னிடம் மட்டும் ஏன் சொன்னார் என்று கேட்கத் தோன்றவில்லை.

ரிசார்ட் பின்னர் கைமாறி, பெயரும் மாறிவிட்டது. இரண்டு முறை ஹேவ்லாக் போய் விசாரித்தேன். பழைய ஆட்கள் யாரும் இல்லை. மாமா இன்றும் வெள்ளிக்கிழமை என்றுதான் சொல்கிறார். வெள்ளிக்கிழமை உண்மையில் வேறு ஆள் சேர்ந்தாரா என்பது உறுதி செய்யப்படவில்லை.